பார், பேசு, எடு

நடுநிலையான விமர்சனம் தேடுகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். 'தி எக்ஸ்கவேஷன் ஆஃப் ஹாப்ஸ் பாரோ' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஜவ்வாது மலையில் உட்கார்ந்து ஆடி முடித்த கிறுகிறுப்பில் எழுதுகிறேன். இன்னும் தெளியவில்லை. தெளிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

2022 செப்டம்பரில் வந்த விளையாட்டு. பார்த்தால் 1992-ல் வந்தது போல இருக்கும். கட்டம் கட்டமாகத் தெரியும் பிக்ஸல் படங்கள், திரையில் நடந்து போகும் ஓர் உருவம், மவுஸ் அம்பு. ஒரு பொருளின் மேல் அம்பை வைத்துக் கிளிக் செய்தால் பார்க்கலாம், எடுக்கலாம். ஆள் மேல் கிளிக் செய்தால் பேசலாம். அவ்வளவுதான். சுட வேண்டாம், ஓட வேண்டாம், கடிகாரம் விரட்டாது. 'பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வெஞ்சர்' என்று பெயர். செத்துப் போய்விட்டது என்று எல்லோரும் பால் ஊற்றிவிட்டு வந்த இனம் இது. அது எழுந்து உட்கார்ந்து கதை சொல்லத் தொடங்கியிருக்கிறது, அதுவும் என்ன மாதிரி கதை!

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து. தாமசினா பேட்மன் என்ற பெண்ணுக்குத் தொல்லியல் பைத்தியம். பழைய ஈமமேடுகளைத் தோண்டிப் பார்த்து எழுதுவது அவள் வேலை. வடக்கே பியூலே என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது: எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு மேடு இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. ரயில் ஏறிப் போய் இறங்கினால் கடிதம் எழுதிய ஆளைக் காணோம். ஊரில் யாரைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த மேட்டின் பெயரில் உள்ள 'ஹாப்' என்பது வட இங்கிலாந்து நாட்டுப்புற நம்பிக்கையில் வரும் குள்ளத் தேவதை. மனம் குளிர்ந்தால் வீட்டு வேலையெல்லாம் செய்து வைக்கும். மனம் கோணினால் குடியைக் கெடுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. அன்று காலையில்தான் கீழ்ச்செப்பிலி போய் வந்திருந்தேன்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் பீமா நீர்வீழ்ச்சியில் குளித்து, கோமுட்டேரியில் படகு விட்டு, பலாப்பழமும் தேனும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். கீழ்ச்செப்பிலிக்குப் போகிறவர்கள் குறைவு. அங்கே மேட்டின் மேல் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கூட்டமாக இருக்கின்றன. சுற்றிலும் பலகைக்கல்லை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைத் தூக்கி வைத்த கல்வீடுகள். உயரம் என் இடுப்பைத் தாண்டாது. ஒரு பக்கக் கல்லில் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குத் துளை. மண்டியிட்டு உள்ளே தலையை நீட்டினேன். காய்ந்த இலை, ஆட்டுப் புழுக்கை, கல்லின் உள்முகத்தில் படர்ந்திருந்த வெள்ளைப் பாசி. மூடுகல்லின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினால் வெயில் நேரத்திலும் சில்லென்று இருந்தது. ஊரில் இவற்றை வாலியர் வீடுகள் என்கிறார்கள். குள்ள மனிதர்கள் குடியிருந்த வீடுகளாம்.

குள்ளர்! காலையில் குள்ளர் வீட்டுக்குள் தலையை விட்டவள், சாயங்காலம் குள்ளத் தேவதையின் மேட்டைத் தோண்டும் கதைக்குள் விழுந்தால் என்ன ஆகும்? மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனைக்கும் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்கிலாந்தின் ஈமமேடும் நம் கல்வீடும் வேறு வேறு மனிதர்கள் வேறு வேறு காலத்தில் எழுப்பியவை. ஆனால் இரண்டு இடத்திலும் பின்னால் வந்து குடியேறியவர்கள் கல்லைப் பார்த்து, அளவைப் பார்த்து, இது நம்மைப் போன்றவர் வீடு இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அந்த முடிவிலிருந்து பிறக்கிற பயம்தான் இந்த விளையாட்டின் மூலதனம்.

என்னை அங்கே கூட்டிப் போன மலையாளிப் பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். (கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், ஜவ்வாது மலையின் பழங்குடியினருக்கு அதுதான் பெயர்.) "இது யார் கட்டினதுங்க ஐயா?" என்றேன். "யாரோ கட்டினாங்க" என்றார். சாமை விளைச்சல் பற்றிக் கேட்டேன், பேரன் படிப்பு பற்றிக் கேட்டேன், வழியில் நின்ற ஒரு மரத்தின் பெயர் கேட்டேன். சுற்றிவிட்டு மறுபடியும் கல்வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான், "எங்க பாட்டன் காலத்துல இதுக்குள்ள ஆடு புகுந்தாக்கூட வெளிய நின்னுதான் கூப்பிடுவாங்க, உள்ள போக மாட்டாங்க" என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு இறங்கி வரும் வரை நிறுத்தவில்லை.

பியூலே கிராமத்திலும் இதே கணக்குதான். மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் முதலில் வாயைத் திறக்கமாட்டார். வேறு எதையோ பேச வேண்டும், வேறு யாருக்கோ ஒரு காரியம் செய்துகொடுக்க வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். திரையில் நாலு கேள்விகள் வரிசையாக நிற்கும். எதை எப்போது கேட்பது என்பதுதான் விளையாட்டு. நல்ல வசனம் எழுதத் தெரிந்தவர்கள் செய்திருப்பதால் தப்பான கேள்விக்குக் கிடைக்கும் பதில்கூடத் தேனாக இருக்கிறது. திடீர் திடீரென்று ஒரு முகம் திரை முழுக்கப் பெரிதாகும். பல், கண், தோல் சுருக்கம் எல்லாம் பிக்ஸல் பிக்ஸலாக அசையும். கோடி கோடியாகக் கொட்டி எடுக்கும் முப்பரிமாண விளையாட்டுகளில் இப்படி ஒரு முகத்தைப் பார்த்து நான் பின்வாங்கியதில்லை. தாமசினாவுக்குக் குரல் கொடுத்தவர் சமந்தா பேயார்ட். 'பால்டுர்ஸ் கேட் 3' ஆடியவர்களுக்கு அவரைத் தெரியும், கார்லாக் குரல் அவருடையது. இதில் படித்த பெண்ணின் மிடுக்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவதும் குரலிலேயே தெரிகிறது. அடடா!

ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. டீக்கடையில் ஒதுங்கி, லேப்டாப்பைத் திறந்தேன். ஓர் ஆளிடமிருந்து செய்தி பிடுங்க முடியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, கடைக்காரரின் மகள், பிளஸ் டூ படிக்கிற பெண், தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"படம் பாக்குறீங்களாக்கா?"

"இல்லம்மா, கேம்."

"கேம்னா ஏன் யாரும் சாகல?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த ஆளையே போட்டு நச்சரிக்காதீங்கக்கா. அவருக்கு என்ன வேணும்னு வேற யாருக்காவது தெரிஞ்சிருக்கும். அங்க போங்க" என்றாள். போனேன். தெரிந்திருந்தது! அப்புறம் மவுஸ் என் கையில் இல்லை. பாட்டம் பாட்டமாக டீ வந்தது. அவள் அம்மா உள்ளேயிருந்து, "ஏய், வெங்காயம் உரிக்கச் சொன்னேனே" என்று கூப்பிட்டதற்குப் பதிலே போகவில்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு விளையாட்டைத் தொட்டிராத பெண். ஆங்கில வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, முடிச்சை அவள் அவிழ்த்துக்கொண்டே போனாள். விரல் வேகம் தேவையில்லை, முன் அனுபவம் தேவையில்லை. மனிதர்களைத் தெரிந்திருந்தால் போதும் என்று இந்த இனத்தைப் பற்றி எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்! அந்தப் பெண்ணைக் கூட்டிப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கலாம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பழசு. ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரே உறவினர் வீட்டில் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' பார்த்த நாளில் தொற்றியது. 1990-ல் ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் எழுதியது. அதில் வாள்சண்டை வாளால் நடக்காது, வாயால் நடக்கும். எதிரி ஒரு வசவை வீசுவான். அதற்குப் பொருத்தமான பதிலடி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் தோற்று, அவன் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த ஆளிடம் அதையே பிரயோகிக்க வேண்டும். நம் ஊர் லாவணிக் கச்சேரியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மாறி மாறிக் கிழிப்பது போல. அதற்கு முன் வந்த சியரா கம்பெனி விளையாட்டுகளில் காலை மாற்றி வைத்தால் சாவு, கதவைத் திறந்தால் சாவு. இது என்ன அநியாயம் என்று கில்பர்ட் 1989-லேயே ஒரு கட்டுரை எழுதினார். தன் விளையாட்டில் சாவையே கிட்டத்தட்ட எடுத்துவிட்டார். கதாநாயகன் கைபிரஷ் பத்து நிமிடம் தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடிப்பான். அதற்கு மேலும் நீங்கள் சும்மா வேடிக்கை பார்த்தால் மட்டும்தான் சாவான்.

1993-ல் 'மிஸ்ட்' வந்து விற்பனையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. பிறகு இந்த இனம் ஏன் சாய்ந்தது? முப்பரிமாணமும் துப்பாக்கியும் வந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ரசிகர்களே ஒப்புக்கொள்ள வேண்டும்: புதிர்கள் கழன்றுவிட்டன. 1999-ல் வந்த 'கேப்ரியல் நைட் 3'-ல் ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு வேறு ஒருவர் வேஷம். வேஷத்துக்கு மீசை. மீசைக்குப் பூனை ரோமம். பூனையை ஓர் ஓட்டை வழியாக ஓடவிட்டு, அங்கே ஒட்டிய டேப்பில் ரோமம் பிடித்து, பாகு தடவி மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், யாருடைய வேஷமோ அந்த ஆளுக்கு மீசையே கிடையாது! அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் நாமே மீசை வரைந்துவிட வேண்டும். இதற்கு மேல் அந்த இனத்தை யார் காப்பாற்ற முடியும்? 2004-ல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 'சாம் அண்ட் மேக்ஸ்' அடுத்த பாகத்தைப் பாதியில் நிறுத்தியபோது கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை, காரணம் பிடிவாதக்காரர்கள். கிறிஸ் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் 1997-லேயே 'அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ' என்ற மென்பொருளைத் தொடங்கியிருந்தார். இலவசம். தனி ஆள் வீட்டில் உட்கார்ந்து ஒரு முழு விளையாட்டை உருவாக்க அது போதும். நியூயார்க்கில் டேவ் கில்பர்ட் (ரானுக்கு உறவில்லை) அதை வைத்து 2006-ல் 'பிளாக்வெல்' வரிசையைத் தொடங்கி, 'வாட்ஜெட் ஐ கேம்ஸ்' என்ற சின்னக் கம்பெனியை நிலைநிறுத்தினார். ஹாப்ஸ் பாரோவை உருவாக்கிய 'கிளோக் அண்ட் டேகர்' குழுவும் அந்த மென்பொருளில்தான் செய்தது. வெளியிட்டது டேவின் கம்பெனி. செக் நாட்டில் 'அமானிட்டா டிசைன்' 2009-ல் 'மெஷினேரியம்' கொடுத்தது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது, துருப்பிடித்த குட்டி ரோபோ ஒன்று நம்மை அழ வைக்கும். 2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபர் இந்த வகையில் ஒரு புது விளையாட்டு செய்ய ரசிகர்களிடமே நேரடியாக 4 லட்சம் டாலர் கேட்டார். 33 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள்! யாருக்கும் வேண்டாத சரக்கு என்று சொன்ன பதிப்பாளர்களின் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. 2017-ல் 'திம்பிள்வீட் பார்க்'. 2022-ல் ரான் கில்பர்ட்டே திரும்பி வந்து 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்'.

இந்த மறுபிறவியில் என்னைக் கவர்ந்தது, பழைய பாவங்களைக் கழுவிவிட்டு வந்திருப்பதுதான். 'திம்பிள்வீட் பார்க்'கில் மாட்டிக்கொண்டால் விளையாட்டுக்குள்ளேயே ஒரு தொலைபேசியில் நம்பர் சுழற்றித் துப்புக் கேட்கலாம். 'ரிட்டர்ன்'-ல் கதாநாயகனின் பையிலேயே துப்புப் புத்தகம். பூனை மீசைக்காரர்கள் யாரும் வேலையில் இல்லை. 'தி கேஸ் ஆஃப் த கோல்டன் ஐடல்' போன்றவை இன்னும் ஒரு படி மேலே போய், பொருளை எடுப்பதற்குப் பதில் வார்த்தைகளைப் பொறுக்கி வாக்கியத்தை நிரப்பச் சொல்கின்றன. பழையதைத் தூசி தட்டி விற்பது வேறு. இது வளர்ச்சி. சந்தேகமே வேண்டாம்.

தமிழுக்கு வருகிறேன். டொரோண்டோவின் 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா'வை ஆடாதவர்கள் இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், இட்லியோடு தருகிறேன். 1980-களில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும்போது கீழ்த்தட்டின் இட்லிக்கு மேலே மேல்தட்டின் துளை வர வேண்டும், அப்போதுதான் ஆவி ஏறும். எங்கள் வீட்டில் இதைப் புதிர் என்று யாரும் சொன்னதில்லை, தட்டைத் தப்பாக அடுக்கினால் குட்டு விழும். அந்தக் குட்டை ஒரு விளையாட்டாக்கி, 2024-ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் வாங்கிவிட்டார்கள். அதைச் சமையல் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது. பார்ப்பது, நினைவிலிருந்து எடுப்பது, சேர்ப்பது என்று எலும்புக்கூடு முழுக்க நம்ம இனம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவினாஷ் குமார், தன் தாயார் பரதக் கலைஞர் ஜெயலட்சுமி ஈஸ்வரோடு சேர்ந்து உருவாக்கிய 'அந்தரிக்ஷ சஞ்சார்'. நேரடியான பாயிண்ட் அண்ட் கிளிக் வகை. கணித மேதை ராமானுஜனின் கனவுகளை எடுத்துக்கொண்டு, தென்னிந்தியக் கோயில் நகரம், நாட்டியம், வானம் என்று கலந்து கட்டிய முயற்சி.

அதை நினைத்துக்கொண்டேதான் ஒரு சனிக்கிழமை காவலூர் வானாய்வகத்துக்குப் போனேன். ஜவ்வாது மலையின் இன்னொரு பக்கம், ஆலங்காயம் வழி. சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடும் வழக்கம் உண்டு. 1968-லிருந்து அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரை 1986-ல் வைத்தார்கள். இங்கிருந்து ஆர். ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். எண் 4130. அதன் பெயர் ராமானுஜன்!

இப்போது சொல்லுங்கள், இந்த மலையைப் போல ஒரு பாயிண்ட் அண்ட் கிளிக் களம் உண்டா? ஒரு முனையில் பெருங்கற்காலக் கல்வீடு, மறுமுனையில் வான்வெளிக்கு நீட்டிய கண்ணாடி. நடுவே சாமை வயல், சந்தன மரம் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றும் ஆட்கள், மாலையில் சட்டென்று இறங்கும் பனி, செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே திருப்பம். கதாநாயகி பையில் என்னென்ன இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டேன்: ஒரு டார்ச், பாதி கிழிந்த பஸ் டிக்கெட், தேன் பாட்டில், வானாய்வகத்து அனுமதிச் சீட்டு, வெற்றிலை. வெற்றிலையைப் பெரியவரிடம் கொடுத்தால்தான் அடுத்த திரை திறக்கும். இந்த இனத்தின் முதல் விளையாட்டே இப்படிப் பிறந்ததுதானே? 1976-ல் வில் கிரவுதர் என்ற குகை ஆய்வாளர், தான் தவழ்ந்து போய் வரைபடம் போட்ட கென்டக்கி குகையைத்தான் எழுத்தாலான விளையாட்டாக மாற்றினார். குகைக்குக் கிடைத்த மரியாதை கீழ்ச்செப்பிலிக்கு ஏன் கிடைக்கக்கூடாது? இலவச மென்பொருள் இருக்கிறது, படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வசனத்துக்குத் தமிழில் பஞ்சமா? யாராவது ஆரம்பியுங்கள், வெற்றிலை நான் வாங்கித் தருகிறேன்.

ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. என் லேப்டாப் கிழம், விசிறி கத்தும். ஹாப்ஸ் பாரோ அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒருமுறை இறக்கிவிட்டால் இன்டர்நெட் வேண்டாம், மலைக்கு இதைவிட என்ன வேண்டும்? காசு செலவழிக்கத் தயக்கமாக இருந்தால் 'ஸ்கம்வி.எம்.' என்ற இலவச மென்பொருளை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய விளையாட்டுகளை இன்றைய கருவிகளில், செல்போனில்கூட, ஓட வைக்கும். கூடவே 1994-ல் வந்த 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'. உருவாக்கியவர்களே 2003-ல் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள், திருட்டு சிடி தேடி அலைய வேண்டாம். அதில் ருசி கண்டால் ஹாப்ஸ் பாரோவுக்கு வாருங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் ராத்திரியில், தனி அறையில், கரண்ட் போகிற ஊரில் ஆடாதீர்கள். நான் ஆடினேன். லாட்ஜ் பையனை எழுப்பி மெழுகுவத்தி கேட்டேன், "பல்லி எதாவதுங்களாக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அடுத்தது 'ஓல்ட் ஸ்கைஸ்'. வாட்ஜெட் ஐ 2025-ல் வெளியிட்டது. காலத்தில் முன்னும் பின்னும் போய்வருவது பற்றியது. இறக்கி வைத்தாயிற்று. மழைக்காலம் பிறந்ததும் ஜமுனாமரத்தூர் போகிறேன். டீக்கடைப் பெண்ணுக்கு அப்போது பரீட்சை எதுவும் இல்லை என்று அவள் அம்மாவிடம் கேட்டு உறுதி செய்தாயிற்று. வெங்காயம் உரிப்பது என் பொறுப்பு என்று ஒப்பந்தம்.